குளத்தின் கீழ் விதைப்பவர்கள்

மில்பிடாசில் என் வீட்டுக் குழாய்நீரில் ஒரு பங்கு, யோசமிட்டி தேசியப் பூங்காவின் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. 1906 பூகம்பத்திலும் தீயிலும் அழிந்த சான்பிரான்சிஸ்கோ, தன் வளர்ச்சிக்கு நீர் கேட்டது. 1913இல் காங்கிரஸ் சட்டமியற்றியது. 1923இல் அணை முடிந்தது. ஜோன் மியூர் முதலானோர் பள்ளத்தாக்கின் அழகுக்காக வாதாடினர். அங்கு தலைமுறைகளாகப் புழங்கிய மிவோக் மக்களை இரு தரப்பும் பெரிதாக எண்ணவில்லை.

அந்த வாதங்களைப் படித்தபோது இரணைமடுவே கண்முன் வந்தது. அக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்கும் பங்கிடும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் 2013இல் எதிர்த்தனர். 'தமிழனுக்குத் தமிழனே தண்ணீர் மறுப்பதா?' என்று கொதித்தவர்களில் நானும் ஒருவன். இன்று அது தவறென்று படுகிறது. சிறுபோகத்துக்கே நீர் போதாதவரிடம் இன ஒற்றுமை பேசுவது, நியாயமான கேள்வியொன்றைத் தட்டிக்கழிக்கும் வழி.

யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பது உண்மை; தேவை பொய்யல்ல. 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அத்திட்டத்துக்கும் கடற்றொழிலாளர் ஆட்சேபம் தெரிவித்திருந்தனர். ஆகவே எந்தத் திட்டமும் நோகாமல் வராது. ஆனால் அதை வரையும் மேசையில், நீரை இழக்கப்போகிறவருக்கு முதற் கதிரை போடப்பட்டதா என்றே இனி நான் கேட்பேன்.