பேச்சில் பிறக்கும் கணிதமும் பெயர் சொல்லும் நேர்மையும்

கணித ஆய்வின் பெரும்பகுதி பேச்சிலேயே நடக்கிறது. தேநீர் வேளையில், கரும்பலகை ஓரத்தில், நண்பருக்கு எழுதும் கடிதத்தில் “இப்படி இருக்குமோ?” என்று ஒருவர் கேட்கிறார், மற்றவர் அதை மறுக்கிறார், அல்லது ஒரு படி நீட்டிப் பார்க்கிறார். பல தேற்றங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆய்வுகூடமோ கருவியோ அதிகம் வேண்டாத துறை என்பதால் இங்கு கருத்துத்தான் முழு முதல். அந்த முதல் பேச்சுவாக்கில் கைமாறுகிறது, பற்றுச்சீட்டு எதுவும் இல்லாமல். எதற்கும் கட்டுப்படாமல் பேசலாம் என்ற சுதந்திரமே இந்த வழக்கத்தின் பலம். யார் என்ன சொன்னார் என்பது பதிவாகாமல் போவதும் அதே சுதந்திரத்தால்தான்.

தமிழ் மண்ணில் இதற்கு மிகச் சிறந்த சான்று சென்னையில் கிடைக்கிறது. 1912 மார்ச்சில் சீனிவாச இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அங்கு அவருக்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இந்தியக் கணிதச் சங்கத்தின் பொருளாளருமாக இருந்தவர். அலுவலகம் முடிந்தபின் இருவரும் திருவல்லிக்கேணி வீட்டில் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து இரவு வெகுநேரம் வரை கணக்குப் போட்டார்கள். இராமானுஜன் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவுவதைப் பின்தொடர முடியாத நாராயண ஐயர், இடையில் உள்ள படிகளையும் எழுதும்படி விடாமல் வற்புறுத்தினார். சிலேட்டில் எழுதியது அன்றிரவே அழிந்துவிடும். எது யாருடைய யோசனை என்பதற்குச் சாட்சி அந்த இருவர் மட்டுமே.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 1913 இல் நாராயண ஐயர் சங்கத்தின் சஞ்சிகையில் தம் பெயரில் கட்டுரை எழுதி, அதில் இராமானுஜனின் முடிவுகளைத் தந்தபோது, அவை இராமானுஜனுடையவை என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டார். மேலதிகாரி அவர், பட்டம் பெறாத எழுதுவினைஞர் மற்றவர். பெயரை விட்டிருந்தால் தட்டிக் கேட்க எவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆய்வு நேர்மை என்பது பெரும்பாலும் இத்தகைய இடங்களில், யாரும் பார்க்காதபோது எழுதப்படும் ஒற்றை வரியாகவே இருக்கிறது. நாராயண ஐயரின் அந்தச் செயல் இன்றுவரை போதிய அளவு பேசப்படவில்லை.

வி. இராமசாமி ஐயரின் முயற்சியால் 1907 இல் உருவான அச்சங்கம், பேச்சுக்கும் அச்சுக்கும் இடையே நல்லதொரு பாலத்தையும் வைத்திருந்தது. சஞ்சிகையின் கேள்விப் பகுதியில் வாசகர்கள் தங்கள் பெயரோடு புதிர்களை வெளியிடலாம். மற்றவர்கள் விடை அனுப்பலாம். 1911 இல் இராமானுஜன் கேட்ட ஒரு கேள்வி புகழ்பெற்றது: √(1+2√(1+3√(1+4√(1+…)))) என்று முடிவின்றி நீளும் கோவையின் பெறுமானம் என்ன? சில இதழ்கள் கடந்தும் விடை வராததால் அவரே விடை கொடுத்தார்: 3.

அந்த விளக்கம் எவருக்கும் உடனே விளங்கும். 3 என்பது 9 இன் வர்க்கமூலம். 9 என்பது 1+2×4. அந்த 4 என்பது 16 இன் வர்க்கமூலம். 16 என்பது 1+3×5. அந்த 5 இலிருந்து 1+4×6. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். கேட்பவர் தலையாட்டுவார். ஆனால் 3 க்குப் பதிலாக 4 ஐ எடுத்தாலும் இதே வித்தையைச் செய்யலாம்: 16 என்பது 1+2×7.5, அந்த 7.5 ஐ வர்க்கித்து, ஒன்றைக் கழித்து, 3 ஆல் வகுத்துத் தொடர்ந்தால் அதுவும் முடிவின்றி நீளும். ஆகவே கோவை உண்மையிலேயே 3 ஐ நோக்கித்தான் ஒருங்குகிறது என்பதைத் தனியே நிறுவ வேண்டும். விடை சரி, நிறுவலில் இடைவெளி இருந்தது. இத்தகைய கோவைகள் எப்போது ஒருங்கும் என்ற நிபந்தனையைப் பின்னர் தி. விஜயராகவன் நிறுவினார். உரையாடலின் முதன்மையான குறை இங்கேதான் இருக்கிறது. நேரில் கேட்கும்போது நம்பவைப்பதும் நிறுவுவதும் ஒன்றுபோலவே தோன்றும். பெயர் திருடப்படுவதைக் காட்டிலும் அடிக்கடி நிகழும் தவறு இதுதான்.

1913 ஜனவரி 16 ஆம் திகதி இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இரு சிக்கல்களும் சேர்ந்தே வந்தன. நிறுவல் இல்லாத முடிவுகள் அதில் குவிந்திருந்தன. பெரும்பாலானவை சரி. ஆனால் முதன்மை எண்களின் பரம்பல் பற்றி அவர் கூறியது பிழை. சீட்டா சார்பின் சிக்கலெண் பூச்சியங்கள் அவர் கணக்கில் இடம்பெறவில்லை. ஹார்டி நிறுவல்களைக் கேட்டார். இராமானுஜன் தயங்கவே, தம் முடிவுகளை ஹார்டி எடுத்துக்கொள்வாரோ என்று அவர் அஞ்சுவதாக ஹார்டியின் சகாவான லிட்டில்வுட் ஊகித்தார். ஹார்டி மழுப்பவில்லை, மார்ச் மாதக் கடிதத்தில் அதை நேரடியாகவே எழுதினார். தம் கடிதங்கள் இராமானுஜன் கையில் இருக்கின்றன, இராமானுஜன் எழுதியவற்றைப் பலருக்குக் காட்டியாயிற்று, தாம் முறைகேடாக நடந்தால் அம்பலப்படுத்துவது எளிது என்பதே அதன் சாரம். தமக்கு அப்படியொரு அச்சமே இல்லை என்றும், எட்டு ஆண்டுகளாகத் தம் முறையை மதிக்கும் ஒருவரையும் காணவில்லை என்றும் ஏப்ரலில் இராமானுஜன் வருத்தத்தோடு பதில் எழுதினார்.

வலிமையான தரப்பு தானே முன்வந்து சந்தேகத்தைப் பேசியது பாராட்டுக்குரியது. ஆனால் ஹார்டியின் வாதத்தில் ஒரு பலவீனம் உண்டு. அம்பலப்படுத்துவது எளிது என்றார், யாருக்கு எளிது? சென்னையிலிருந்த எழுதுவினைஞர் ஒருவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் மீது குற்றம் சாட்டியிருந்தால் எந்தச் சபை காதுகொடுத்திருக்கும்? கடிதம் சாட்சியாக இருப்பது போதாது, சாட்சியைக் கேட்கும் இடமும் வேண்டும். பேச்சில் பிறந்த கருத்துக்கோ அந்தக் கடிதச் சாட்சியும் இல்லை.

ஹார்டியும் லிட்டில்வுட்டும் தங்களுக்குள் வகுத்துக்கொண்டதாகக் கணிதவியலாளர் ஹரால்ட் போர் கூறிய விதிகள் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. ஒருவர் மற்றவருக்கு எழுதுவது சரியா பிழையா என்பது பொருட்டல்ல. வந்த கடிதத்துக்குப் பதில் எழுதவோ அதைப் படிக்கவோகூடக் கட்டாயமில்லை. இருவர் பெயரிலும் வரும் கட்டுரைக்கு ஒருவர் எதுவுமே செய்திராவிட்டாலும் பரவாயில்லை. பிழைவிடும் பயத்தை அடியோடு நீக்கும் ஏற்பாடு இது, அதன் பலனும் பெரிது. ஆனால் இருவரும் சமமானவர்களாக இருந்ததால்தான் அது செல்லுபடியானது. பேராசிரியருக்கும் மாணவருக்கும் இடையே கடைசி விதியை வைத்தால் அது சுரண்டலுக்கே வழிவிடும்.

தெரியாமல் நேரும் மறுகண்டுபிடிப்பு வேறு வகை. இராமானுஜன் நிறுவலின்றி அனுப்பிய இரு சர்வசமன்பாடுகளை ஹார்டி பலரிடம் காட்டியும் எவராலும் நிறுவ முடியவில்லை. கணிதவியலாளர் மக்மாகன் அவற்றை நிறுவப்படாதவை என்ற குறிப்போடே தம் நூலில் சேர்த்தார். 1917 இல் பழைய சஞ்சிகைத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருந்த இராமானுஜன், எல். ஜே. ரோஜர்ஸ் 1894 இலேயே அவற்றை நிறுவியிருந்ததைத் தற்செயலாகக் கண்டார். மறைக்கவில்லை, வியந்து போற்றினார். ரோஜர்ஸுடன் கடிதத் தொடர்பு ஏற்பட்டு, 1919 இல் இருவரின் புதிய நிறுவல்களும் ஒன்றாக வெளியாயின. இன்று அவை ரோஜர்ஸ்–இராமானுஜன் சர்வசமன்பாடுகள். இத்தனை பேர் பேசியும் ஒருவருக்கும் அந்தக் கட்டுரை நினைவுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உரையாடல் நூலகத்துக்கு ஈடாகாது.

அண்மைக் கால முன்மாதிரி கான்பூரில் உள்ளது. 2002 ஆகஸ்டில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஓர் எண் முதன்மை எண்ணா என்பதை விரைவாகத் தீர்மானிக்கும் வழியைக் கண்டதும் பதினைந்து வல்லுநர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். பலர் கண்ணில் ஒரே நேரத்தில் பட்டதால் பிழை தேடுவதும் முந்துரிமை காப்பதும் ஒருங்கே நடந்தன. பின்னர் ஹென்றிக் லென்ஸ்ட்ரா நிறுவலை எளிதாக்கினார். 2004 இல் வெளியான இறுதிக் கட்டுரையில் அவர் பெயர் சொல்லியே அந்த எளிமையைச் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் நெறிக்கோவையும் இதையே கேட்கிறது: அச்சாகாத கருத்துக்கும் உரியவரைச் சொல்ல வேண்டும்; ஒன்று உண்மை என்று தெரிந்திருப்பதே பெறுமதியானது, அது எவ்வழியில் தெரியவந்தாலும்.

இலங்கையில், மகாவலியின் கரையில், 1952 முதல் பேராதனையில் இயங்கும் பல்கலைக்கழகத்தில், இந்தப் பேச்சு மரபுக்கு மாணவர் வைத்த பெயர் ‘குப்பி’. பரீட்சைக்கு முன் ஒரு மூத்த மாணவரோ கெட்டிக்காரச் சகபாடியோ மற்றவர்களை இருத்திப் பாடம் சொல்லிக்கொடுப்பது. உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் திணறும் மாணவருக்கு, குப்பிதான் பல வேளைகளில் உண்மையான விரிவுரை. பணம் வாங்காமல், வெட்கமில்லாமல் கேள்வி கேட்கவிடும் இந்தப் பண்பாட்டை எந்த ஒழுக்க விதியின் பெயராலும் நெருக்கக் கூடாது.

எனினும் சிலேட்டின் குறைகள் அத்தனையும் குப்பிக்கும் உண்டு. நன்றாக விளங்கியது என்பதற்காக இடைவெளியுள்ள நிறுவல் ஒன்று பிரதியெடுக்கப்பட்டு அடுத்த அணிக்கும் போகலாம். நண்பர் வாய்மொழியாகச் சொன்ன ஒரு திருப்பம் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தின் மையமாகி, அவர் பெயர் நன்றியுரையில் “அனைவருக்கும்” என்ற சொல்லுக்குள் கரைந்துவிடலாம். இதைத் தடுக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பேச்சு முடிந்த அன்றே திகதியிட்டு யார் எதைச் சொன்னார் என்று கொப்பியில் இரண்டு வரி. அறிக்கையில் குறித்த துணைத்தேற்றத்துக்குப் பக்கத்திலேயே அதைச் சொன்னவரின் பெயர். வாய்மொழிப் பரீட்சையில் மேற்பார்வையாளர் கேட்கும் இரண்டு கேள்விகள்: இந்தப் படி ஏன் சரி, இது யாரிடமிருந்து வந்தது. கேட்கும் மேற்பார்வையாளரும், தம்மிடமிருந்து மாணவர் பெற்றதையும் மாணவரிடமிருந்து தாம் பெற்றதையும் அதே அறிக்கையில் பிரித்து எழுத இணங்க வேண்டும்.