மகெலெலே போன பிறகு

2003 கோடையில் ரியல் மாட்ரிட் செய்த இரண்டு காரியங்களில் ஒன்றைத்தான் உலகம் கொண்டாடியது. பெக்காம் வந்தார். அதே கோடையில் நடுக்கள வீரர் கிளாட் மகெலெலே சம்பளத்தை உயர்த்திக் கேட்டார். அணியின் நட்சத்திரங்கள் வாங்கியதில் ஒரு சிறு பங்குதான் அவர் சம்பளம். கிளப் மசியவில்லை; அவர் செல்சிக்குப் போய்விட்டார். தலையால் முட்டத் தெரியாது, நாலடிக்கு மேல் பாஸ் கொடுக்க மாட்டார் என்கிற தோரணையில் பேசி அனுப்பிவைத்தார் கிளப் தலைவர் புளோரன்டினோ பெரஸ்.

அந்த நாலடியில்தான் விஷயமே இருந்தது. இடது பின்கள வீரர் ரோபர்டோ கார்லோஸ் எதிரணியின் கோல் பகுதிவரை ஏறிப் போய்விடுவார். அவர் விட்டுப்போன இடத்துக்கு மகெலெலே முன்கூட்டியே நகர்ந்திருப்பார். எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு திரும்பினால் அங்கே ஆள் இருக்கும். பந்தைப் பிடுங்குவார், பக்கத்தில் நிற்கும் ஜிடேனிடம் தள்ளுவார், பழைய இடத்துக்கு வந்துவிடுவார். டிவியில் இதில் பாதி தெரியாது. கேமரா பந்தோடு போய்விடும்.

நட்சத்திரங்களைக் குவித்ததால் மாட்ரிட் கெட்டது என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஃபிகோ, ஜிடேன், ரவுல் மூவரையும் வைத்துத்தான் பயிற்சியாளர் டெல் போஸ்கே 2002இல் சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். பிரேசிலின் ரொனால்டோவும் சேர்ந்த பிறகு, 2003இல் ஸ்பெயின் லீக்கையும் வென்றார். (வென்ற கையோடு அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது தனிக்கதை.) இந்த நட்சத்திரங்களுக்காகவும் சேர்த்து ஓடிய மகெலெலேயை விட்டதில்தான் கோளாறு. மூத்த தடுப்பாட்டக்காரர் ஹியர்ரோவும் போனார். ஈடாகப் பெரிய ஆள் யாரையும் வாங்கவில்லை. பெக்காமைக் குறை சொல்ல முடியாது. வலது ஓரத்திலிருந்து கிராஸ் போட்டுப் பழகியவரை நடுவில் நிறுத்தி ஓடவிட்டார்கள்.

2004 ஏப்ரலில் மொனாக்கோவில் குட்டு வெளிப்பட்டது. சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. முதல் ஆட்டத்தை 4-2 என்று ஜெயித்திருந்த மாட்ரிட்டுக்கு இரண்டாவதில் ரவுல் முதல் கோலை அடித்தார். அதன்பின் வரிசையாக மூன்று வாங்கினார்கள். மொத்தம் 5-5; சமநிலையானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற அன்றைய விதிப்படி மாட்ரிட் வெளியேற்றம். அந்த மூன்றில் ஒன்றை அடித்த மோரியன்டஸ், மாட்ரிட்டே மொனாக்கோவுக்குக் கடனாகக் கொடுத்திருந்த வீரர்! லீக்கிலும் கடைசி ஐந்து ஆட்டங்களில் தொடர் தோல்வி, நான்காம் இடம்.

பெரஸ் 2006 பிப்ரவரியில் பதவி விலகினார். மகெலெலேயை நடுவில் நிறுத்திய செல்சி, 2004-05 பிரீமியர் லீக்கை வென்றது. 38 ஆட்டங்களில் அது வாங்கிய கோல்கள் 15. அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.