திண்ணை சொல்லாத கதை

புதுவையின் பெரிய வாய்க்கால் ஒரு நகரை இரண்டாக வகுத்த கோடு. கிழக்கே கடலோரத்தில் பிரெஞ்சுக்காரர் குடியிருப்பு; மேற்கே தமிழர் குடியிருப்பு. மேற்குப் பகுதியில் புதுப்பிக்கப்பெற்ற பழைய இல்லங்களை அண்மையில் ஒரு வழிகாட்டியுடன் சுற்றிப் பார்த்தோம்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2002 முதல் 2004 வரை நடைபெற்ற திட்டத்தில் பல வீடுகளின் முகப்புகள் செப்பனிடப்பட்டன. மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதன் பின்னே திண்ணை, வேலைப்பாடமைந்த நிலைக்கதவு, உள்ளே வானம் தெரியும் முற்றம் எனத் தமிழ் வீட்டின் ஒழுங்கை அங்கே காணலாம். பிரெஞ்சு வீடு மதிலுக்குள் தன்னை மறைத்துக் கொள்கிறது. தமிழ் வீடோ தெருவை நோக்கி முகம் மலர்கிறது. இவ்வழகைக் காக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு, 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்த பழைய நகராட்சி மாளிகையே சான்று. அது மீண்டும் கட்டப்பட்டது உண்மையே. ஆயினும் மீண்டும் கட்டுவது வேறு, காப்பது வேறு.

எனினும் ஒரு குறை நம் மனத்தை உறுத்தியது. வழிகாட்டி மரத்தின் வகையைச் சொன்னார். சுண்ணாம்புச் சாந்தின் பக்குவத்தைச் சொன்னார். வழிப்போக்கர் எவரும் இளைப்பாறவே திண்ணை கட்டப்பட்டது என்று பெருமையுடன் முடித்தார். எவருமா? சாதியின் பெயரால் தெருக்கள் வகுக்கப்பட்டிருந்த ஊரில், திண்ணையில் அமர இயலாதவர் எத்தனை பேர்! முற்றத்தைப் பெருக்கியவரும், சுமை தூக்கி வந்தவரும், கொல்லைப்புறமாகவே வந்து சென்றவரும் இவ்வீட்டின் வரலாற்றில் இடம்பெற வேண்டாமா?

சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இதே பகுதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. துய்ப்ளேக்ஸிடம் துபாஷாகப் பணியாற்றிய அவர், 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் வாணிகத்தையும் போரையும் மட்டும் பதியவில்லை. ஆலயத்தினுள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பியிருந்த சுவரைப் பற்றி 1745-இல் எழுந்த பூசலையும் பதிந்திருக்கிறார். ஆம், அது நம்முடைய ஆலயம். நம் முன்னோர் எழுப்பிய சுவர்! எனவே பிறர் வீட்டுத் திண்ணையை நோக்கி மட்டும் விரல் நீட்ட நமக்கு உரிமையில்லை.

பழைய வீட்டைப் புதுப்பிப்பது நற்பணி. ஆனால் உண்மையை மறைத்துப் பூசப்படும் சாந்து எத்துணை வெண்மையாயினும், அது வெள்ளையடித்தலே அன்றிப் புதுப்பித்தல் ஆகாது. அமர்ந்தவரின் கதையோடு, அமர மறுக்கப்பட்டவரின் கதையும் அத்திண்ணையில் சொல்லப்படட்டும். நம் பங்கு ஆலயங்களின் நூற்றாண்டு மலர்களிலும் கட்டியவர் பெயர்களோடு, வெளியே நின்றவர்களின் நினைவும் இடம்பெறட்டும். அவ்வாறு எழுதப்பட்ட மலர் ஒன்று நம் இல்லத்தில் உண்டா எனத் தேடிப் பார்ப்போம்.