குருவி தொடாத சோளமும் கோழித்தீவன அட்டவணையும்

கோழித்தீவனம் பற்றிய கையேடு எதைப் புரட்டினாலும் ஓர் அட்டவணை இருக்கும். மக்காச்சோளம், சோளம், கம்பு, ராகி, குருணை என்று வரிசை. எதிரே புரதம் இத்தனை சதவீதம், எரிசக்தி இத்தனை கிலோகலோரி. அதை நம்பி ஒரு யோசனை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதனால்தான் இந்த விமர்சனம்.

திருச்செந்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறார். முட்டைக் காசுதான் அவருடைய கைச்செலவு. மக்காச்சோளம் விலை ஏறியதும் என்னிடம் வந்து கேட்டார். "சோளத்துக்கு மாத்துங்கக்கா, புரதம் கூடத்தான் இருக்கு" என்றேன். ஒரு மூட்டை செஞ்சோளம் வாங்கினார். மூன்று வாரம் கழித்து வந்தார்: "தம்பி, கோழி கிளறிட்டுப் போயிருது. முட்டையும் கொறஞ்சிட்டு. கரு வெளுத்துக் கெடக்கு, வாங்குதவங்க என்னன்னு கேக்காங்க."

அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தேவையானதை அது சொல்லவே இல்லை.

முதலில் புரதம். தானியத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கி வரும் எண் அது. கோழிக்கு வேண்டியது அமினோ அமிலங்கள்; தானியத்தில் முக்கியமாகக் குறைவது லைசின். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 1994 அட்டவணையை இன்றும் எடுத்தாள்கிறார்கள். அதில் மக்காச்சோளத்தின் புரதம் 8.5%, லைசின் 0.26%. சோளத்தில் புரதம் கொஞ்சம் கூடுதல், லைசினோ 0.21% தான். நாள்தோறும் முட்டையிடும் பண்ணைக்கோழிக்கு 690 மில்லிகிராம் லைசின் வேண்டும் என்கிறது அதே நூல். 100 கிராம் மக்காச்சோளத்தில் கிடைப்பது 260. நாட்டுக்கோழிக்குத் தேவை இதைவிடக் குறைவுதான். ஆனாலும் எந்தத் தானியத்தைப் போட்டாலும் பிண்ணாக்கோ மீனோ கூடச் சேராமல் கணக்கு நேராகாது.

அடுத்தது இன்னும் மோசம்: "சோளம்" என்று ஒரே பெயர். சில சோள ரகங்களின் விதையுறைக்குள் டானின் உண்டு. அது துவர்க்கும், புரதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு செரிக்க விடாது. குருவி தின்னாத சோளம் என்று காட்டுக்காரர்கள் விரும்புவது பெரும்பாலும் இந்த ரகங்களைத்தான். குருவி ஒதுக்குவதை நாம் கோழிக்குப் போடுகிறோம்! நிறத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது; சிவப்பாக இருந்தும் டானின் இல்லாத சோளம் உண்டு. ஆய்வகத்தில் காரம் சேர்த்த பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துப் பார்ப்பார்கள். டானின் உள்ள மணி கறுத்துவிடும், இல்லாதது வெளுக்கும். இவ்வளவு எளிய சோதனை இருந்தும், நான் பார்த்த அட்டவணையில் இதற்கென்று ஒரு பத்தி கிடையாது.

கம்புக்கு நடந்தது நேர்மாறு. அதே 1994 அட்டவணை மக்காச்சோளத்துக்குக் கிலோவுக்கு 3350 கிலோகலோரி கொடுத்துவிட்டு, கம்புக்கு 2675 தான் கொடுக்கிறது. பிறகு நடந்த சோதனைகளில் கம்பு மக்காச்சோளத்துக்கு ஏறத்தாழச் சமமாகவே வந்தது. புரதம், லைசின் இரண்டும் அதில் கூடுதல். மணி சிறிது, அரைக்காமலே போடலாம். மஞ்சள் மக்காச்சோளத்தில் இருக்கும் நிறமிதான் கம்பில் இல்லை. அக்கா வீட்டுக் கரு வெளுத்ததற்கும் காரணம் அந்த நிறமி இல்லாததுதான்.

மறுபக்கம் "சிறுதானியம்னாலே சத்து" என்ற கோஷம். ராகி போட்டால் முட்டை ஓடு கெட்டியாகும் என்று சொல்கிறார்கள். 100 கிராம் ராகியில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம். ஒரு முட்டை ஓட்டுக்கே ஏறத்தாழ 2 கிராம் வேண்டும். நம் கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சலை இடித்துப் போட்டால் அந்த வேலை முடிந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பண்ணைத் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். எத்தனால் ஆலைகளும் அதையே கேட்பதால், ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024-இல் மியான்மர், உக்ரைன் நாடுகளிலிருந்து இறக்குமதி செய்தது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலிலேயே மக்காச்சோளம் விளைகிறது. விலை மட்டும் உள்ளூரில் நிற்பதில்லை. மாற்றுத் தானியம் தேடுகிற எல்லோரும் இந்த அட்டவணையைத்தான் திறப்பார்கள். பெரிய பண்ணைக்கு ஆய்வகம் இருக்கிறது. அக்காவுக்கு இருந்தது நான் மட்டும்தான்.

இப்போது பாதி மக்காச்சோளம், பாதி கம்பு. கூட முருங்கைக்கீரை, உப்புப் போகக் கழுவிய கருவாட்டுக் கழிவு, கிளிஞ்சல். கரு மஞ்சளாகிவிட்டது, முட்டையும் பழைய கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மிச்சச் செஞ்சோளம் அரைமூட்டை அக்கா வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அதற்கான காசை நான் கொடுத்துவிட்டேன்.