ஃபுல் ஸ்கேன் என்னும் சடங்கு

வாரம் தவறாமல் ஃபுல் ஸ்கேன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் ஓடும் நேரமெல்லாம் ஹார்ட் டிஸ்க் உறுமும், பிரவுசர் திறக்கத் திணறும். கடைசியில் பச்சை டிக் வந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டர் சுத்தம் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த டிக் சொல்வது அதைவிடக் குறைவு: ஆன்டிவைரஸுக்குத் தெரிந்த எதுவும் அகப்படவில்லை, அவ்வளவே.

ஸ்கேனரின் அடிப்படை வேலை ஒப்பிடுவது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, அதன் சில பகுதிகளையோ முழுக் கோப்பின் கணக்கீட்டு எண்ணையோ, தன்னிடமுள்ள வைரஸ் அடையாளப் பட்டியலோடு பொருத்திப் பார்க்கிறது. பட்டியலில் இல்லாததை அதன் நடத்தையைக் கொண்டு ஊகிக்கிறது; சிலவற்றைப் போலிச் சூழலில் சற்று ஓடவிட்டும் பார்க்கிறது. பழைய வைரஸ்களை அடையாளம் காண்பதில் இந்த முறையைக் குறை சொல்ல முடியாது. ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவில் தொற்றிக்கொண்டு வரும் ஷார்ட்கட் வைரஸ் பெரும்பாலும் உடனே சிக்கிவிடும். ஆனால் வைரஸை நீக்கிய பிறகும், அது மறைத்து வைத்த ஃபோல்டர்கள் மறைந்தேதான் கிடக்கும். 'ஹிட்டன்' குறியை நாம்தான் எடுக்க வேண்டும். இது தெரியாமல், போட்டோக்கள் போயே போய்விட்டன என்று பென்டிரைவை ஃபார்மட் செய்தவர்கள் உண்டு.

உண்மையான காவல் எங்கே நடக்கிறது என்பதைப் பார்க்க ஐக்கார் சோதனைக் கோப்பு போதும். ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கென்றே உருவாக்கிய, தீங்கில்லாத 68 எழுத்துகள். நோட்பேடில் ஒட்டிச் சேமித்த உடனேயே, அல்லது திறக்கப் போகும்போது, எச்சரிக்கை குதிக்கும். ஸ்கேன் பட்டனை யாரும் தொடவில்லை. கோப்பு வட்டில் எழுதப்படும்போதும் திறக்கப்படும்போதும் பின்னணியில் சோதனை நடக்கிறது. நேற்றுத் தப்பித்து உள்ளே வந்த கோப்பும், நாளை திறக்கும்போது புதிய பட்டியலோடு மீண்டும் ஒப்பிடப்படும். அப்படியானால் ஃபுல் ஸ்கேனுக்கு மிஞ்சுவது, யாரும் திறக்காமல் கிடக்கும் கோப்புகளும் ஜிப் பொட்டலங்களும்தான். பாஸ்வேர்டு போட்ட ஜிப் என்றால் அதன் உள்ளே ஃபுல் ஸ்கேனுக்கும் பார்வை கிடையாது.

எல்லா வைரஸையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் நிரல் சாத்தியமே இல்லை என்று அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் கோஹன் 1980களிலேயே நிரூபித்துவிட்டார். எனவே எந்த ஸ்கேனரும் ஒன்று தப்பவிடும், அல்லது தவறான ஆளைப் பிடிக்கும். 2010 ஏப்ரல் 21 அன்று ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்கஃபி வெளியிட்ட அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்துப் போட்டது. கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. இதைவிட வேடிக்கை 2017இல்: மைக்ரோசாஃப்டின் ஸ்கேன் எஞ்சினிலேயே ஓட்டை இருப்பதை கூகுளின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கென்று வடிவமைத்த ஒரு கோப்பை ஸ்கேன் செய்தாலே கம்ப்யூட்டரின் கட்டுப்பாடு அடுத்தவர் கைக்குப் போகக்கூடிய நிலை. சில நாட்களில் அடைத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு குறை அடிப்படையானது. வைரஸ் ஏற்கெனவே விண்டோஸுக்குள் ஆழமாகக் குடியேறியிருந்தால், அதே விண்டோஸுக்குள் ஓடும் ஸ்கேன், திருடன் கொடுக்கும் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் போலீஸ் மாதிரி. ரூட்கிட் என்னும் இவ்வகை வைரஸ், விண்டோஸ் தரும் கோப்புப் பட்டியலில் தன் கோப்புகளையே காட்டாது. அதற்குத்தான் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது: கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழும்புமுன் சோதிக்கும், சுமார் 15 நிமிடம்தான். பயனுள்ள இந்த வசதியைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. மணிக்கணக்கில் ஓடும் ஃபுல் ஸ்கேனுக்குத்தான் மரியாதை.

எந்த ஸ்கேனையும்விட அப்டேட்தான் காப்பாற்றிய சம்பவமும் உண்டு. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்; பயனர் எதையும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க் வழியாகப் பரவியது. அது புகுந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டவர்களின் கம்ப்யூட்டருக்குள் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை.

விண்டோஸ் 8 முதல் ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. சாதாரண வீட்டுக்கு அது போதும் என்பது என் கருத்து. ரியல் டைம் பாதுகாப்பை அணைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்கள். விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.