நீல டிரம்முக்குள்ளே

கோய் மீன்கள் புரளும் பெரிய தோட்டக் குளத்தில் எனக்கு ஓரமாக நிற்கும் நீல வடிகட்டி டிரம்கள் மேல்தான் கண். முதல் டிரம்மில் நீர் சுழன்று இறங்க, கசடு அடியில் தங்குகிறது. தெளிந்தது ஸ்பாஞ்சைத் தாண்டிச் சரளைக்குள் நுழைகிறது. ஒரு கல்லை எடுத்துத் தடவினால் விரலில் பழுப்பு வழவழப்பு. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதையும் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களின் குடியிருப்பு அது. அவை பெருக வாரக்கணக்காகும். அதுவரை ஒன்றிரண்டு மீன்களோடு பொறுத்திருப்பதில்தான் கைத்திறனே இருக்கிறது.

தேர்ந்த கை ஸ்பாஞ்சைக் குளத்து நீரிலேயே அலசும்; குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்தக் குடித்தனத்தைக் கலைத்துவிடும். நீர் விழும் ஓசையும் சீராக இருக்கும். திடீரென்று மெலிந்தால் பம்பில் இலை அடைத்திருக்கிறது என்று, தேர்ந்தவர்கள் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள்.