தண்டனையும் திருவடியும்: திருத்தணியை முன்வைத்துத் தமிழ்ச் சமயக் கலையில் நரகம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கோயிற் சிற்ப மரபில் நரகக் காட்சிக்கு நிலையான இடம் அமையவில்லை. நரக நம்பிக்கை இல்லாமையை இது காட்டாது. அச்சமும் அறக்கணக்கும் வெவ்வேறு ஊடகங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டதையே காட்டுகிறது. இக்கருத்தைத் திருத்தணியின் கோயிற்கலை, திருப்புகழ் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: நரகம், காலாரி, திருத்தணி, திருப்புகழ், சித்திரகுப்தன்

முன்னுரை

பாகவத புராணத்தின் ஐந்தாம் கந்தம் தன் இறுதி இயலில் 28 நரகங்களைப் பெயரிட்டு, எக்குற்றத்திற்கு எத்தண்டனை எனத் தனித்தனியே விரிக்கிறது. இத்தகைய பட்டியலைக் கல்லில் வடித்தலும் இயலாததன்று. கம்போடியாவின் அங்கோர் வாட், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த திருமால் கோயில். அதன் தென்புறச் சுற்றில் எமன் எருமைமேல் வீற்றிருக்க, 32 நரகங்கள் பெயர்ப்பொறிப்புடன் செதுக்கப்பட்டுள்ளன. தமிழகக் கோயில்கள் இவ்வழியை மேற்கொள்ளாமை ஆராயத்தக்கது.

கல்லில் காலன்

திருத்தணி என்றதும் மலைமேல் முருகன் கோயிலே நினைவுக்கு வரும். அம்மலையடி ஊரில் பல்லவர் காலத்து வீரட்டானேசுவரர் கற்றளியும் உள்ளது. யானையின் பின்புறம் போன்ற தூங்கானை மாட அமைப்புடைய இக்கோயிலை, அபராசிதவர்மனின் 18ஆம் ஆட்சியாண்டில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. இதன் புறச்சுவர்க் கோட்டங்களில் பிள்ளையார், தென்முகக் கடவுள், திருமால், நான்முகன், கொற்றவை ஆகியோர் இடம்பெறுகின்றனர். இறந்தோர் உலகிற்கு இங்குக் கோட்டம் இல்லை.

வீரட்டம் என்பது சிவன் பகையடர்த்த தலத்தைக் குறிக்கும் பெயர். திருத்தணி எட்டு வீரட்டங்களுள் அடங்காது. காலனை உதைத்த திருக்கடவூர் அவற்றுள் ஒன்று. எமனைத் தமிழகச் சிற்பம் பெரிதும் நினைவுகூர்வது இக்காலாரி வடிவிலேயே. அங்கோரில் தண்டிப்பவனாக வீற்றிருப்பவன் இங்குத் திருவடியின்கீழ்க் கிடக்கிறான்.

பாடலில் உடல்

அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பாடல்கள் பலவற்றில் எமன் எருமையேறிப் பாசக்கயிற்றுடன் வருகிறான். அவ்வேளையில் மயிலேறி வருமாறு முருகன் வேண்டப்படுகிறான். அச்சத்தின் களம் நரகமன்று, மரணப் படுக்கையே. தணிகைப் பாடல் ஒன்று இன்னும் நுட்பமானது. இருமல், முயலகன், வாதம், நீரிழிவு, தீராத தலைவலி, சோகை என நோய்களை அடுக்கி, அவை பிறவிதோறும் வருத்தாவண்ணம் திருவடியை அருளுமாறு அது வேண்டுகிறது. புராணத்தில் நரகங்களுக்கு உரிய பட்டியல் வடிவம் இங்கு நோய்களுக்கு வந்துவிட்டது. உடலே வேதனைக் களம். மறுபிறவியே அதன் தொடர்ச்சி.

வலிப்பு நோயைக் குறிக்கும் முயலகன் என்னும் சொல், ஆடல்வல்லானின் காலடியில் கிடக்கும் உருவத்தின் பெயருமாகும். துன்பத்தைத் திருவடிக்குக் கீழ் வைத்துக் காண்பதில் கல்லும் பாடலும் ஒன்றுபடுகின்றன. ஆண்டிறுதியில் நிகழும் திருப்படித் திருவிழாவில் 365 படிகளுக்கும் படிக்கொரு திருப்புகழ் பாடி அடியார் ஏறுவது, இப்பாடல்களை அக்கல்லின்மீதே நிகழ்த்துவதாகிறது.

ஏடும் படமும்

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. மார்க்கண்டேயன் பாவியல்லன், 16 வயதில் ஆயுள் முடிந்தவன். ஆகவே காலாரி வடிவம் மரணத்திற்கு விடையளிக்கிறது, குற்றத்திற்கு விடையளிப்பதில்லை. தணிகைப் பாடலிலும் வேண்டுபவனின் துன்பமே பேசப்படுகிறது. அவனால் துன்புற்றவர் எவரும் அங்கு இல்லை. நரகக் காட்சியோ, அது எத்துணைக் கொடூரமாயினும், ஒவ்வொரு தண்டனைக்கும் பின்னால் தீங்கிழைக்கப்பட்ட ஒருவரை மறைமுகமாக முன்னிறுத்துகிறது.

அக்கணக்கைத் தமிழ் மரபு கைவிட்டுவிடவில்லை. காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குத் தனிக்கோயில் உள்ளது. அவன் கையில் இருப்பவை எழுத்தாணியும் ஏடுமே. தண்டனைக் கருவிகள் அல்ல. சித்திரைப் பௌர்ணமியில் படிக்கப்படும் சித்திரபுத்திர நாயனார் கதையும் இக்கணக்கையே நினைவூட்டுகிறது. தண்டனைக் காட்சிகளோ இடம்விட்டு இடம் செல்லும் ஊடகங்களுக்கு உரியவாயின. 7ஆம் நூற்றாண்டில் பாணர் இயற்றிய அர்ஷசரிதம், கடைத்தெருவில் சிறுவர் சூழ எமப்படச் சுருளை விரித்துக் காட்டுபவனைச் சித்திரிக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் கட்டங்களாகப் பிரித்து அச்சிடப்பட்ட எமதண்டனைப் படங்கள் அச்சுருளின் பணியையே தொடர்ந்தன.

முடிவுரை

எமதண்டனைப் படங்களை மலிவான அச்சுறுத்தல் என ஒதுக்குவது எளிது. ஆனால் கோயிற்சுவர் சொல்லாது விட்ட ஒன்றை அவை சொல்கின்றன. அருள் அடியவனைக் காக்கிறது. அவனால் தீங்குற்றவருக்கு யார் பொறுப்பு என்னும் வினா ஏட்டிலும் தெருப்படத்திலும் எஞ்சி நிற்கிறது. திருத்தணியின் கல்லையும் பாடலையும் காஞ்சியின் ஏட்டோடும் கடைத்தெருவின் படத்தோடும் சேர்த்துக் கண்டால்தான் தமிழரின் மறுமைச் சிந்தனை முழுமை பெறும்.